பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னவர்கள்

என் நோட்டில் இடப்பக்கம் கம்பெனிக்கு, வலப்பக்கம் எனக்கு. இடப்பக்கத்தில் வண்டி நம்பர், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, என்ன குறை, இவ்வளவுதான் எழுதுவேன். வலப்பக்கத்தில் அந்தக் குறையை அந்த ஆள் எந்த வார்த்தையில் சொன்னார் என்று எழுதிக்கொள்வேன். கோயம்புத்தூரில் பிரேக் லைனிங் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். பிரேக்கை மிதித்தால் சக்கரத்துக்குள் இருக்கும் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பட்டைதான் லைனிங். எட்டாவதோடு என் படிப்பு நின்றது. அதற்கப்புறம் படித்ததெல்லாம் ஜனங்களின் பேச்சைத்தான்.

ஆனி மாதத்தில் ஒருநாள் முதலாளி மூன்று கடிதங்களை மேசையில் போட்டார். மூன்றும் புதுச்சேரியிலிருந்து வந்தவை. மூன்றும் பிக்கப் வண்டிக்காரர்கள் எழுதியவை. லைனிங் பிடிக்கவில்லை என்பதுதான் மூன்றிலும் இருந்த செய்தி. சரக்கு கெட்டதா, ஊர் கெட்டதா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார். சரக்கு கெட்டது என்றால் அந்த வாரம் செய்த மொத்தத்தையும் திருப்பி வாங்கவேண்டிவரும். எங்களை மாதிரிச் சின்னப் பட்டறை அதைத் தாங்காது.

கோயம்புத்தூர்க்காரனுக்குப் புதுச்சேரி பாதி வெளிநாடு. செக்போஸ்ட் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. தெருப் பெயர்களைப் படிக்க நாக்கைச் சுருட்டவேண்டும். ஊருக்குப் பெயர் மாற்றி ஒரு வருஷம் ஆகியிருந்தது. போர்டில் புதுச்சேரி, வாயில் பாண்டி. எங்கள் பேருந்து எல்லையைத் தாண்டியதும் பின் சீட்டில் இருந்த நாலு பேர், பரீட்சை முடிந்த பிள்ளைகள் மாதிரிச் சிரித்தார்கள். எதற்கு என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "தாகம் சார்" என்று மட்டும் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து உப்பளத்துக்கு டெம்போவில் ஏறினேன். மூன்று சக்கரத்தில் நீட்டிய மூக்கோடு வரும் வண்டி அது. எட்டுப் பேர் உட்காரவேண்டிய இடத்தில் பதினோரு பேர் இருந்தோம். சிக்னலில் ஓட்டுநர் மிதித்த மிதியில் என் முழங்கால் எதிரே இருந்த அம்மாளின் கத்திரிக்காய்ப் பையில் போய் நின்றது. பிரேக் நல்லா இருக்குங்க என்று சொன்னேன். ஓட்டுநருக்கு மகிழ்ச்சி. அந்த அம்மாளுக்கு இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும். ஊட்டி மலையில் இறங்கும் வண்டியின் லைனிங் புகையும். இந்த ஊரோ தட்டில் ஊற்றிய மாவு மாதிரி மட்டம். இங்கே பிரேக்குக்கு அப்படி என்ன வேலை, அது ஏன் கெடவேண்டும் என்று யோசித்துக்கொண்டே லாட்ஜில் பையை வைத்தேன்.

*

மறுநாள் காலை முகைதீன் பாயைப் பார்க்கப் போனேன். உப்பளத்தில் அவர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில்தான் எங்கள் லைனிங்கை மாட்டுகிறார்கள். ஐம்பது வயது, வெள்ளைத் தொப்பி, கையில் எப்போதும் ஒரு துணி. போனதும் டீயும் வெங்காய சமோசாவும் வந்தன. எங்கள் ஊரில் முதலில் வேலை, பிறகுதான் டீ. இங்கே டீ குடித்து முடிக்கும்வரை வேலையைப் பற்றிப் பேசினால் மரியாதைக் குறைவு போலிருந்தது.

பாய் சொல்லிவிட்டிருந்ததால் பத்து மணிக்குள் ஆறேழு வண்டிக்காரர்கள் வந்துவிட்டார்கள். என் வலப்பக்கம் நிரம்பியது. காய்கறி ஏற்றுகிறவர், "மிதிச்சா மெத்தையில கால வச்ச மாதிரி சொகமா உள்ள போவுது சார்" என்றார். பைப்பில் காற்று ஏறியிருக்கிறது என்று பொருள். தண்ணீர் கேன் வண்டிக்காரர் பிரேக் பிடித்தால் வண்டி எப்போதும் இடது பக்கம்தான் இழுக்கிறது, மாமனார் வீடு அந்தப் பக்கம் இருப்பது அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பந்தல் சாமான் ஏற்றுகிறவர் வண்டி மழை பெய்த மறுநாள் நகரவே நகராதாம், ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நிற்குமாம். ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியதில் டிரம்மோடு ஒட்டிக்கொண்டது. இவையெல்லாம் எந்த ஊரிலும் உள்ள குறைகள்தான். பாயே மத்தியானத்துக்குள் சரிசெய்துவிடுவார்.

கடைசியாகப் பேசியவர் ராமலிங்கம். வடக்கே கடற்கரையோரம் இருக்கும் பிள்ளைச்சாவடியில் மீன் வண்டி வைத்திருக்கிறார். கடிதம் எழுதிய மூவரில் ஒருவர்.

"பிரேக்க மிதிச்சா மீன் வறுக்குற வாசம் வருது சார். எனக்குப் பசி எடுக்குது, வண்டி நிக்கல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வலப்பக்கத்தில் அதை முத்து முத்தாக எழுதிக்கொண்டேன். இடப்பக்கத்தில், 'பிரேக் தாமதமாகப் பிடிக்கிறது' என்று ஒரு வரி.

மூன்று கடிதமும் பிள்ளைச்சாவடியிலிருந்து வந்தவை என்பது அப்போதுதான் தெரிந்தது. மூன்றும் மீன் வண்டிகள். அதில் ஒன்று அஞ்சலாட்சி என்பவருடைய வண்டி, கடிதம் எழுதியது அதை ஓட்டியவன் என்றதும் வண்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்த வண்டிக்கு லைனிங் எல்லாம் வேண்டாம், ஓட்டுநர் வாய்க்கு ஒரு மூடி போட்டால் போதும் என்றார் தண்ணீர் கேன்காரர்.

கதை இதுதான். அஞ்சலாட்சியிடம் வண்டி ஓட்டியவன் குமரவேலு. ஒரு மாதத்துக்கு முன்னால் சாயங்காலம் அரியாங்குப்பம் பாலத்தில் இறங்கும்போது, ஓரமாகக் குவித்திருந்த இளநீரில் கொண்டுபோய் வண்டியை ஏற்றிவிட்டான். யாருக்கும் அடியில்லை. இளநீர் பாதி ரோட்டில் உருண்டது, மீன் மீதி ரோட்டில் கொட்டியது. பிரேக் பிடிக்கவில்லை என்று அவன் சொன்னான். சேதி கேட்டு அஞ்சலாட்சி ஓடி வந்து பார்த்தபோது அவன் எதிரே ஒரு சாராயக்கடைப் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதோடு வேலை போயிற்று. பெண்சாதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாகூரில் உள்ள தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"முன்ன குடிச்சிட்டிருந்தவன்தான் சார். ரெண்டு வருஷமா விட்டுட்டேன்னு சொல்லுவான்" என்றார் பாய். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல பிரேக்கு பிடிக்கலன்னா, அது பிரேக்கு தப்பு இல்ல. இந்த ஊரு கணக்கு அது."

வண்டியை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன். மறுநாளே பார்த்தாராம். இழுத்து வந்து நாலு தடவை மிதித்துப் பார்த்தால் அம்சமாக நின்றதாம். டிரம்மைக்கூடத் திறந்து பார்த்தாராம். லைனிங் புதுசு மாதிரி இருந்ததாம். பிரேக் நன்றாக இருக்கிறது என்று அஞ்சலாட்சியிடம் சொன்னவர் அவர்தான்.

*

மூன்றாம் நாள் பாயும் நானும் பிள்ளைச்சாவடிக்குப் போனோம். அஞ்சலாட்சி வீட்டுக்குப் பக்கத்தில், தென்னங்கீற்றுக் கொட்டகைக்குள் வண்டி நின்றது. அப்படி ஒரு மீன் வண்டியை நான் பார்த்ததில்லை. கடலோரத்தில் ஓடும் வண்டி இரண்டே வருஷத்தில் அப்பளம் மாதிரி உதிர்ந்துவிடும். இதுவோ ஆறு வருஷ வண்டி. நாலு சக்கரத்தின் உள்பக்கத்திலும் ஒரு பொட்டுத் துரு கிடையாது.

அஞ்சலாட்சிக்கு ஐம்பத்தைந்து இருக்கும். இடுப்பில் சுருக்குப் பை, அதற்குள் வண்டிச் சாவி. நான் ஏனுங்க்கா, சரிங்க்கா என்று பேசுவதை இரண்டு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டிகிட்டயும் இப்படித்தான் 'ங்க' போட்டுப் பேசுவியா தம்பி? அதான் அதுக்குத் திமிரு ஏறிடுது."

குமரவேலுவைப் பற்றிக் கேட்டதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஆறு வருஷம் தன் கையில் சோறு தின்றவன், குடித்தேன் என்று ஒப்புக்கொண்டிருந்தால் திட்டிவிட்டுத் திரும்பச் சாவியைக் கொடுத்திருப்பேன் என்றார். கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லிவிட்டானே, அதுதான் ஆறவில்லையாம். ஒரு மாதமாக ஆள் பிடிக்காமல் வண்டி சும்மா நிற்கிறது. வேறு யாரையும் அதில் ஏற்ற மனசு வரவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. வண்டியின் கண்ணாடியைத் துடைத்த விதத்தில் தெரிந்தது.

சாவியை வாங்கி பாய் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் தடவை மிதித்ததும் வண்டி கொஞ்சம் வழுக்கியது போலிருந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது, நாலாவது நன்றாகப் பிடித்தது. ஒரு மாதம் சும்மா நின்ற வண்டி, அப்படித்தான் இருக்கும் என்றார் பாய். அவர் மிதிக்கும்போதெல்லாம் என் வலது காலும் வண்டித் தரையை மிதித்தது. பிரேக் தொழிலில் இருப்பவனுக்கு அந்த வியாதி உண்டு. அடுத்தவன் ஓட்டும் வண்டியில் காலைச் சும்மா வைத்திருக்க முடியாது.

மத்தியானம் அஞ்சலாட்சி வீட்டில் சாப்பாடு. சங்கரா மீன் குழம்பு, நெத்திலி வறுவல். கடல் மீன் எங்கள் ஊருக்கு வந்து சேருவதற்குள் அது எந்தக் கடல் என்பதையே மறந்திருக்கும். இங்கே காலையில் நீந்தியது மத்தியானம் இலையில் கிடந்தது. நான் முள் எடுக்கத் தெரியாமல் திண்டாடுவதைப் பார்த்து, "அத இன்னா ஸ்க்ரூ கழட்டுற மாதிரி கழட்டுற" என்று தானே எடுத்துக் கொடுத்தார். நல்ல மனுஷி. இப்படிப்பட்டவரை ஏமாற்றியவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

லாட்ஜுக்குத் திரும்பி இடப்பக்கத்தில் எழுதினேன்: 'லைனிங்கில் குறை இல்லை. ஓட்டுநர் தவறு.' எழுதும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. பட்டறை பிழைத்தது.

*

நாலாம் நாள் அரியாங்குப்பம் போனேன். முதலாளி கேட்டால் ஓட்டுநரையும் பார்த்தேன் என்று சொல்லவேண்டும், அதற்காகத்தான். டவுன் பஸ் பாலத்தில் ஏறி இறங்கியது. இறக்கம் என்று சொன்னார்களே, இவ்வளவுதானா என்று நினைத்தேன். எங்கள் ஊர்த் தெருக்களே இதைவிடச் சாய்வாக இருக்கும்.

குமரவேலு ஒரு சிமெண்டு கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். முப்பத்திரண்டு வயது இருக்கும். உடம்பெல்லாம் சாம்பல் பூசினதுபோல் இருந்தது. பிரேக் லைனிங் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும், ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். கேட்க ஆள் வந்ததே என்ற மாதிரி இருந்தது அந்த முகம்.

அன்றைக்கு மார்க்கெட்டில் பாதி மீனை இறக்கிவிட்டு, உப்பளத்தில் ஐஸ் ஏற்றக் காத்திருந்தானாம். மூன்று மணி நேரம் வண்டி வெயிலில் நின்றதாம். பிறகு ஐஸ் ஏற்றிக்கொண்டு கடலூருக்குக் கிளம்பினான். நேர் ரோடு, பிரேக்கைத் தொடவே வேலை இல்லை. பாலம் ஏறி இறங்கினால் முன்னால் டவுன் பஸ் நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. ஒரு அம்மாள் இடுப்பில் குழந்தையோடு இறங்கினார்.

"மிதிச்சேன். மிதிச்சேன் சார். மூணாவது வாட்டியும் மிதிச்சேன். எண்ணெத் தரையில வழுக்குற மாதிரி போவுது. இளநீ குவியலப் பாத்தேன், ஒடிச்சிட்டேன்."

அதைச் சொல்லும்போது அவன் வலது கால் செருப்போடு தரையை மூன்று தடவை அழுத்தியது. அவனுக்கே தெரியாமல். எத்தனை தடவை மிதித்தான் என்று கால் நினைவு வைத்திருந்தது. குடித்த கால் கணக்கு வைத்திருக்காது.

சாராயக்கடைப் படியில் ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்டேன். கால் நடுங்கியது, நிழலாக இருந்த இடத்தில் உட்கார்ந்தேன் என்றான். "பாண்டில எங்க உக்காந்தாலும் எதுனா ஒரு ஒயின் ஷாப்பு வாசலாத்தான் சார் இருக்கும்." அதைச் சொல்லி அவனே லேசாகச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"குடிச்சிட்டு ஓட்டிட்டேன்னு சொல்லியிருந்தா அக்கா ரெண்டு அடி அடிச்சிட்டு விட்டிருக்கும். குடிக்கலன்னு சொன்னேன் பாரு, அதுலதான் பொய்க்காரனாயிட்டேன். எம்மொவ ரெண்டு வயசு சார். அவ பொறந்த அன்னிக்கு விட்டது."

அவனை நம்பினேன். ஆனால் நம்பி என்ன செய்வது? பாய் மிதித்தார், பிடித்தது. என் கண்ணெதிரே பிடித்தது. நான் எழுதிய வரி பையில் கனத்தது.

உப்பளத்துக்குத் திரும்பும்போது பசி. லாட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் நடத்தும் சின்ன மெஸ்ஸில் உட்கார்ந்தேன். கல்லில் மீன் துண்டுகளைப் போட்டார். சுரீர் என்று ஒரு சத்தம், பிறகு வாசம் எழுந்தது. அந்த வாசம் மூக்கில் ஏறிய நிமிஷத்தில் ராமலிங்கத்தின் குரல் காதில் கேட்டது.

நோட்டை எடுத்து வலப்பக்கத்தைப் புரட்டினேன். பிரேக்கை மிதித்தால் மீன் வறுக்கும் வாசம். மீன் வண்டியில் மீன் நாற்றம் வருவது அதிசயமில்லை. ஆனால் வறுக்கும் வாசம் வரவேண்டுமென்றால், சூடான இடத்தில் மீனின் எண்ணெய் இருக்கவேண்டும். வண்டியில் சூடாகிற இடம், மிதித்தால் மட்டும் சூடாகிற இடம், ஒன்றுதான் உண்டு.

அந்த மனிதர் குறையைத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார். அழகாகச் சொல்லிவிட்டதால் அதை நான் தின்பண்டம் மாதிரி வாங்கி வலப்பக்கத்தில் போட்டுக்கொண்டேன். இத்தனை வருஷமாக இப்படி எத்தனை பேர் உண்மையைச் சொல்லி, நான் சிரித்து, இடப்பக்கத்தில் வெறும் வரி எழுதியிருப்பேனோ தெரியாது. இலையில் போட்ட மீன் ஆறிக்கொண்டிருந்தது.

*

பாய் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. டிரம்மைத் திறந்தபோது தனக்கும்தான் வாசம் வந்தது என்றார். "மீன் வண்டில மல்லிப்பூ வாசமா சார் வரும்?" அதுதான் விஷயம், வேறு எந்த வண்டியில் அந்த வாசம் வந்திருந்தாலும் நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள் என்றேன். துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, காலையில் போகலாம் என்றார்.

ஐந்தாம் நாள் காலை அஞ்சலாட்சி வீட்டு வாசலில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை எடுத்தோம். ராமலிங்கமும் அக்கம்பக்கத்தாரும் வந்து நின்றார்கள். லைனிங் பார்க்கப் புதுசு மாதிரிதான் இருந்தது. ஒரு பட்டையை எடுத்து, பாய் கொண்டுவந்த பம்பு ஸ்டவ்வின் நெருப்பில் பிடித்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு பட்டையின் மேல் சின்னச் சின்ன வேர்வை முத்துகள் போல எண்ணெய் கசிந்தது. புகைந்தது. வாசம் வந்தது.

"இதான், இதேதான்" என்றார் ராமலிங்கம்.

நான் விளக்கினேன். லைனிங் எண்ணெயைக் குடித்திருக்கிறது. வண்டி வெயிலில் நின்றால் எண்ணெய் மேலே கசிந்து வரும், அப்போது மிதித்தால் வழுக்கும். நாலு தடவை மிதித்தால் மேலே இருப்பது எரிந்துபோய்ப் பிடிக்கும். அதனால்தான் பாய் மிதித்தபோது நின்றது. குமரவேலு மிதித்த மூன்றும் வழுக்கல் மிதி. நாலாவதற்கு அவனுக்கு ரோடு இருக்கவில்லை.

எண்ணெய் எப்படி உள்ளே போயிற்று என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஐஸ் தண்ணீரோடு மீன் கொழுப்பு வடிந்து இறங்கியிருக்கும், மீன் வண்டி என்றால் இதெல்லாம் சகஜம், யார் மேலும் தப்பில்லை. கூட்டம் தலையாட்டியது. பாய்க்கும் நிம்மதி. அதோடு முடிந்திருக்கும்.

அஞ்சலாட்சி கையை நீட்டி அந்தப் பட்டையை வாங்கினார். சூடு ஆறுவதற்குள் மூக்கருகே கொண்டுபோனார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

"இது மீன் தண்ணி வாசம் இல்ல தம்பி."

எல்லாரும் பார்த்தோம்.

"காச்சின மீன் எண்ணெ. பழைய மரப் படகுக்குப் பூசுவோம், உப்பு தின்னாம இருக்க. இப்பதான் ஃபைபர் போட்டாச்சே, அதுக்கு எண்ணெ எதுக்கு? மூணு டின்னு மிச்சமிருந்துது. தடைக்காலத்துல வண்டி சும்மாதான நிக்குது, அதுக்காவது பூசுவோம்னு சக்கரத்தக் கழட்டி, துருவச் சொரண்டிட்டு, உள்ள வெளிய எல்லாம் பிரஷ்ஷு போட்டு ஊற ஊறப் பூசினேன்."

கோடையில் நாற்பத்தைந்து நாள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை. படகைப் பழுது பார்க்கும் நேரம் அது. படகைக் கவனித்த கை வண்டியையும் கவனித்திருக்கிறது. கடலை அறிந்த யாரும் செய்யக்கூடியதுதான். மலையடிவாரத்தில் பிறந்த எனக்குச் செத்தாலும் தோன்றியிருக்காது. இதனால்தான் நாலு சக்கரத்திலும் ஒரு பொட்டுத் துரு இல்லை.

தாமும் அக்காவிடம்தான் ஒரு டின் வாங்கிப் பூசியதாக ராமலிங்கம் மெதுவாகச் சொன்னார். மூன்றாவது கடிதக்காரரும் அப்படித்தானாம்.

குமரவேலு பூசவில்லையா என்று யாரோ கேட்டார்கள். அஞ்சலாட்சி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அவன் வாணாம்னான். இரும்புக்கு எதுக்குக்கா இந்த எண்ணென்னான். நான்தான், ஒனக்கு இன்னா தெரியும், கடல் தெரியாத கர ஆளுன்னேன்."

அந்த எண்ணெய் எது என்று அங்கே வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் கொடுத்த காரணமே எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. அவர் பட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். முகம் கழுவி, வேறு புடவை கட்டி, ஒரு தூக்குவாளியோடு வந்தார். அரியாங்குப்பம் போகவேண்டும், நீயும் வா, வண்டி விஷயத்தை நான் சொன்னால் அவனுக்குப் புரியாது என்றார். பாய் வரவில்லை. வெறும் டிரம்மைப் பார்த்துக்கொண்டு நின்றவர் இவ்வளவுதான் சொன்னார்: "புது லைனிங் நானே மாட்டி வைக்கிறேன். அவனே வந்து மிதிச்சிப் பாத்து சொல்லட்டும். நான் சொல்லல."

*

சிமெண்டு கடையில் லாரி வந்திருந்தது. ஐந்தாறு பேர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலாட்சி வாசலில் நிற்காமல் நேராக அவர்கள் நடுவில் போய் நின்றார். குமரவேலு முதுகில் மூட்டையோடு நின்றான்.

"வேலு. நீ குடிக்கல."

அவன் மூட்டையை இறக்கவில்லை. "அதத்தான ஒரு மாசமா சொல்றேன்."

"நீ சொன்ன. நான் சொல்லல இல்ல. இப்ப நான் சொல்றேன்." சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "இவன் குடிக்கல. பிரேக்குல எண்ணெ பூசனது நானு."

அப்புறம்தான் அவன் மூட்டையை இறக்கினான். நான் லைனிங், எண்ணெய், வெயில் என்று ஏதேதோ விளக்கினேன். அவன் கேட்டானா என்று தெரியவில்லை. அஞ்சலாட்சி சுருக்குப் பையை அவிழ்த்துச் சாவியை எடுத்து நீட்டினார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். லைனிங் மாற்றாமல் வண்டியைத் தொடமாட்டேன் என்று மட்டும் சொன்னான்.

"தொடாத. கை கழுவிட்டு வா. பாகூருக்குப் போவணும். ஒம் பொண்டாட்டிகிட்ட போன்ல சொல்ற விஷயமா இது? நான் அவ மூஞ்சிக்கு நேரா சொல்லணும். பாப்பாவுக்கு மீன் வறுத்து எடுத்தாந்திருக்கேன்."

கோயம்புத்தூர் போய் முதலாளியிடம் என்ன சொல்வது என்று பஸ் நிறுத்தத்தில் நின்று யோசித்தேன். இடப்பக்கத்தில் எழுதியிருந்ததில் 'ஓட்டுநர் தவறு' என்ற கடைசி இரண்டு வார்த்தையை அடித்தேன். அடித்த இடத்தில், பிள்ளைச்சாவடியில் மீன் எண்ணெய் பூசுகிறார்கள், 'சக்கரத்துக்குள் எண்ணெய் பூசவேண்டாம்' என்று ஒரு சீட்டு அச்சடித்து ஒவ்வொரு பெட்டியிலும் வைக்கவேண்டும் என்று எழுதினேன். ராமலிங்கத்தின் வரியை வலப்பக்கத்திலிருந்து அப்படியே இடப்பக்கத்துக்கு மாற்றினேன். அது இருக்கவேண்டிய இடம் அதுதான்.

பாகூர் பஸ் வந்தது. ரோட்டில் மணலை அரைத்துக்கொண்டு, எங்களைத் தாண்டி பத்தடி தள்ளிப் போய் நின்றது. குமரவேலுவின் வலது கால் தரையை ஒருமுறை அழுத்தியதைப் பார்த்தேன். என் காலும் அழுத்தியிருந்தது.

அஞ்சலாட்சி தூக்குவாளியோடு ஓடிப்போய், ஏறாமல், ஓட்டுநர் ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

"இன்னாப்பா, பிரேக்கு பிடிக்குதா இல்லியா?"

ஓட்டுநருக்கு வேடிக்கை. "பிடிக்கலன்னா இன்னாக்கா பண்ணுவ?"

"நீ சொன்னா நம்புவேன்" என்றார் அஞ்சலாட்சி. "ஏறு வேலு."